கரும்பு வெட்டுக்கு முன்பும் பின்பும்: பணம் மனதை என்ன செய்கிறது?

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் சர்க்கரை ஆலைக்குப் பதிவு செய்து கரும்பு போடுகிறவர்கள் வருடம் முழுக்க ஒரு நாளை எதிர்பார்த்துக் கிடப்பார்கள். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரும் நாள் அது. கரணை நட்டதிலிருந்து பத்துப் பன்னிரண்டு மாதத்துக்குச் செலவு மட்டும்தான். உரம், களையெடுப்பு, மண் அணைப்பு, சோகை உரிப்பு என்று காசு கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கரும்பை வெட்டி, லாரி ஆலைக்குப் போய், எடை போட்டு, அதன் பிறகு வங்கிக் கணக்கில் ஏறுவதுதான் வரவு. அது மொத்தமாக ஒரே தடவையில் வரும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்கள் எப்படி ஓடும் என்று கரும்பு போட்ட குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். மளிகைக் கடையில் பற்று ஏறும். நகை அடகுக்குப் போகும். கைமாற்று கேட்காத சொந்தக்காரர் யாரும் மிச்சம் இருக்க மாட்டார்.

இந்த மாதங்களைத் தேடித்தான் ஓர் ஆராய்ச்சிக் குழு அந்த ஊர்களுக்குப் போனது. பொருளாதார அறிஞர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், உளவியல் அறிஞர்கள் எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் சேர்ந்து செய்த அந்த ஆய்வு 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. 54 ஊர்களில் 464 சிறு விவசாயிகளைத் தேர்ந்தெடுத்து, வெட்டுக்கு முன் ஒரு முறையும் பணம் வந்த பின் ஒரு முறையும் பார்த்தார்கள். இரண்டு தடவையும் இரண்டு சோதனைகள். ஒன்று, வரிசையாக உள்ள வடிவங்களைப் பார்த்து விட்டுப்போன வடிவம் எது என்று கண்டுபிடிப்பது. இன்னொன்று கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. தாளில் ‘5 5 5’ என்று இருக்கும். ஐந்து என்று சொல்ல வாய் தானாகப் போகும். ஆனால் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதுதான் கேள்வி, ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். முதலாவதில் யோசிக்கும் திறன் தெரியும். இரண்டாவதில், அவசரப்படும் மனதைப் பிடித்து நிறுத்தும் திறன் தெரியும்.

பணம் வந்த பிறகு, அதே விவசாயிகள் வடிவச் சோதனையில் சுமார் 25 சதவீதம் கூடுதலாகச் சரியான விடை சொன்னார்கள். எண் சோதனையை முடிக்க வெட்டுக்கு முன் சராசரியாக 146 வினாடி ஆனது, பின்பு 131 வினாடி போதுமானதாக இருந்தது. தவறுகளும் குறைந்தன. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் எதுவும் படிக்கவில்லை, பயிற்சிக்கும் போகவில்லை. மாறியது வேறு. வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பின்பு 4 சதவீதம் பேர்தான். வெட்டுக்கு முன் 99 சதவீதம் பேருக்குக் கடன் இருந்தது, பின்பு 13 சதவீதம்.

சந்தேகங்கள் எழுவது நியாயம். வெயில் காலத்துக்கும் பனிக் காலத்துக்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாமே? இங்கேதான் வெட்டு உத்தரவு ஆய்வாளர்களுக்கு உதவியது. ஆலையால் எல்லாக் கரும்பையும் ஒரே வாரத்தில் அரைக்க முடியாது, அதனால் ஊர் ஊராக, வயல் வயலாகச் சில மாதங்களுக்கு வெட்டு நாளைப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரே மாதத்தில் ஒருவருக்கு வெட்டு முடிந்திருக்கும், பக்கத்து வயல்காரர் இன்னும் காத்திருப்பார். பருவத்தைத் தனியே கழித்துவிட்டுப் பார்க்க இது வழி செய்தது. இரண்டாம் முறை சோதனை பழகிப்போய் நன்றாகச் செய்திருப்பார்களோ என்பதற்கும் ஏற்பாடு இருந்தது. நூறு விவசாயிகளை முதல் சுற்றில் சேர்க்காமல் வைத்திருந்து, வெட்டுக்குப் பின் முதல் முறையாகச் சோதித்தார்கள்.

அதே குழு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு வணிக வளாகத்திலும் சோதனை செய்தது. கார் பழுதாகிவிட்டது, சரிசெய்ய 150 டாலர் ஆகும் என்று யோசிக்கச் சொன்னால் ஏழைகளும் பணக்காரர்களும் ஒரே அளவு செய்தார்கள். அதையே 1,500 டாலர் என்று சொன்னதும் ஏழைகளின் மதிப்பெண் சரிந்தது. செலவு கற்பனையானதுதான். ஆனாலும் அதை எங்கிருந்து புரட்டுவது என்று மனம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. இந்தப் பாதிப்பின் அளவை ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் இருப்பதோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். எல்லோரும் இதை அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்பும் பின்பும் ஏழைகளைச் சோதித்த 2016-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் யோசிக்கும் திறனில் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு அதில் பெரிய முரண் இருப்பதாகப் படவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ சம்பளம் வாங்குகிறவருடைய கடைசி வாரமும், பத்து மாதம் வரவே இல்லாத கரும்பு விவசாயியின் கடைசி மாதமும் ஒரே நெருக்கடி ஆகிவிடாது.

இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அப்பாதான் ஞாபகம் வந்தார். எங்களுக்குக் கரும்பு இல்லை, ஆனால் எங்கள் வீட்டிலும் ஒரு சுழற்சி இருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகும், தை பிறந்த பிறகு திரும்பி வரும். ஆடி மாதத்தில் அப்பாவிடம் ஒரு கணக்குச் சந்தேகம் கேட்டால் எரிந்து விழுவார். மாசி மாதத்தில் அதே கேள்விக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, தாள் எடுத்து, பொறுமையாகச் சொல்லித் தருவார். சின்ன வயதில் அவருடைய குணமே அப்படித்தான் என்று நினைத்தோம். அது குணம் இல்லை, அடகுச் சீட்டு என்று புரிய எனக்கு முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

பணத்தால் மகிழ்ச்சி கிடைக்குமா என்ற கேள்வியை இந்தக் கரும்பு வயலில் நின்று கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். மகிழ்ச்சி என்ற சொல்லோடு நிம்மதி என்று ஒரு சொல்லையும் நாம் தினமும் பயன்படுத்துகிறோம். பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் மகிழ்ச்சி, அந்தக் கல்யாணக் கடன் அடைந்தால் நிம்மதி. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. பணத்தையும் மனதையும் பற்றி ஐம்பது வருடமாக நடக்கும் ஆராய்ச்சிச் சண்டையில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டு அளந்ததால் வந்தது.

அமெரிக்காவில் தொடங்கிய விவாதம்

1974-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் ஒரு புதிரை முன்வைத்தார். ஒரு நாட்டுக்குள் பார்த்தால் பணக்காரர்கள் ஏழைகளைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் வருமானம் அவ்வளவு வளர்ந்தும், மொத்த நாட்டின் மகிழ்ச்சி அதற்கேற்ப ஏறவில்லை. அவர் சொன்ன காரணம் எளிமையானது. நாம் நம்முடைய பணத்தை அடுத்தவர் பணத்தோடு வைத்துத்தான் அளக்கிறோம், எல்லோருக்கும் சேர்ந்து ஏறினால் யாருக்கும் ஏறியதாகத் தோன்றாது. 2008-ல் பெட்சி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் இருவரும் பல நாடுகளின் புள்ளிவிவரங்களை எடுத்துக்கொண்டு இதை மறுத்தார்கள். பணக்கார நாடுகளின் மக்கள் ஏழை நாடுகளின் மக்களைவிடத் தங்கள் வாழ்க்கையை உயர்வாகவே மதிப்பிடுகிறார்கள், இதற்கு மேல் ஏறாது என்று சொல்ல ஒரு வரம்பும் தெரியவில்லை என்றார்கள். ஈஸ்டர்லின் 2024 டிசம்பரில் தனது 98-ஆவது வயதில் காலமானார். கடைசி வரை தன் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை.

பொதுமக்களிடம் அதிகம் பரவியது இன்னொரு எண். 2010-ல் டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் இருவரும் வெளியிட்ட ஆய்வில் வந்த 75,000 டாலர். கானமன் ஏற்கெனவே நோபல் பெற்ற உளவியலாளர், டீட்டன் 2015-ல் அதே பொருளாதார நோபலைப் பெறப்போகிறவர். காலப் நிறுவனம் தினமும் ஆயிரம் அமெரிக்கர்களிடம் நடத்திய கருத்துக் கணிப்பில் கிடைத்த நாலரை லட்சம் பதில்களை எடுத்துக்கொண்டார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டினால், அன்றாட மனநிலை அதற்கு மேல் முன்னேறுவதில்லை என்றார்கள். அன்றைய மதிப்பில் அது சுமார் 34 லட்சம் ரூபாய். அப்படியே மாற்றி நம் ஊருக்குப் பொருத்துவதில் அர்த்தம் இல்லை, வாடகையும் மருத்துவச் செலவும் வேறு வேறு. ஆனால் செய்தி மட்டும் உலகம் முழுக்கப் பரவியது: ஓர் அளவுக்கு மேல் பணத்தால் பயன் இல்லை.

அந்த ஆய்வு உண்மையில் சொன்னது இரண்டு விஷயம், செய்தியில் வந்தது ஒன்று. ‘நேற்று அதிகமாகச் சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா, சோகமாக இருந்தீர்களா?’ என்று கேட்டால் 75,000 டாலரில் கோடு தட்டையாகிறது. ஆனால் ‘பூஜ்யத்திலிருந்து பத்து வரை உள்ள ஓர் ஏணியில் உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது?’ என்று கேட்டால் அப்படி எங்கேயும் தட்டையாகவில்லை, வருமானத்தோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மார்ச் மாதமும் வரும் உலக மகிழ்ச்சிப் பட்டியலும் இந்த ஏணிக் கேள்வியை வைத்துத்தான் தயாராகிறது. 2018 முதல் பின்லாந்து அதில் தொடர்ந்து முதலிடத்தில் இருக்கிறது என்றால், பின்லாந்துக்காரர்கள் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள் இல்லை. தங்கள் வாழ்க்கையை உயரமான படியில் வைத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். பணம் மட்டுமே அந்தப் படியைத் தீர்மானிப்பதும் இல்லை. 2025 பட்டியலில் கோஸ்டா ரிகா ஆறாவது இடத்தில் இருந்தது, அதைவிடப் பல மடங்கு பணக்கார நாடான அமெரிக்கா 24-ஆவது இடத்தில்.

2021-ல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் வேறு வழியில் அளந்தார். வேலை பார்க்கும் 33,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் கைபேசிக்கு நாளின் ஏதோ ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போகும்: இப்போது எப்படி இருக்கிறீர்கள்? ‘மிக மோசம்’ முதல் ‘மிக நன்று’ வரை ஒரு கோட்டில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். பதினேழு லட்சத்துக்கும் மேல் பதில்கள் சேர்ந்தன. அவருடைய கோடு 75,000 டாலரில் நிற்கவில்லை, அதைத் தாண்டியும் ஏறியது.

இரண்டு முடிவுகளும் நேருக்கு நேர் மோதின. அடுத்து நடந்ததை எல்லாத் துறைகளிலும் பார்க்க ஆசைப்படுகிறேன். கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் ஒருவரையொருவர் தாக்கிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கவில்லை. பார்பரா மெல்லர்ஸ் என்ற உளவியலாளரை நடுவராக வைத்துக்கொண்டு, இருவரும் ஒன்றாக உட்கார்ந்து புள்ளிவிவரங்களைத் திரும்ப அலசினார்கள். 2023-ல் மூவர் பெயரிலும் முடிவு வந்தது. பழைய ஆய்வின் கேள்விகள் ஆம், இல்லை என்ற இரண்டே பதிலைக் கேட்டவை. ‘நேற்று சிரித்தீர்களா?’ என்றால் பெரும்பாலோர் ஆம் என்பார்கள். அந்த அளவுகோலால் சந்தோஷத்தின் மேல் பகுதியை அளக்க முடியவில்லை, துயரத்தை மட்டும்தான் சரியாக அளக்க முடிந்தது. அப்படியானால் 75,000 டாலரில் நின்றது எது? துயரம் குறைவதுதான் அங்கே நின்றுபோனது.

கில்லிங்ஸ்வொர்த்தின் புள்ளிவிவரங்களிலும் அதைத் தேடினார்கள், இருந்தது. மக்களில் மிகவும் துயரமாக இருக்கும் சுமார் 20 சதவீதம் பேரை மட்டும் பார்த்தால், வருமானம் கூடக்கூடத் துயரம் வேகமாகக் குறைகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வாக்கில் வந்ததும் குறைவது நின்றுவிடுகிறது. அதற்கு மேல் மிஞ்சுகிற துயரங்கள் வேறு வகை: நேசித்தவர் இறந்துபோனது, உறவு முறிந்தது, மன அழுத்த நோய். மற்றவர்களுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியும் ஏற்றம் தொடர்ந்தது. ஏற்கெனவே மிக மகிழ்ச்சியாக இருந்த 30 சதவீதம் பேருக்கு அதன் பிறகு இன்னும் வேகமாகவே ஏறியது.

கானமன் 2024 மார்ச்சில் இறந்தார். தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஒரு புகழ்பெற்ற எண்ணைத் தொண்ணூறு வயதை நெருங்கும்போது தானே திருத்தியவர் என்பதற்காக எனக்கு அவர்மேல் மரியாதை அதிகம்.

எவ்வளவு பெரிய ஏற்றம்?

பணத்தோடு மகிழ்ச்சி ஏறிக்கொண்டே போகிறது என்றதும், அள்ள அள்ளக் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த ஏற்றத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ரூபாயைக் கூட்டினால் அது ஏறாது, வருமானம் எத்தனை மடங்கானது என்பதைப் பார்த்துத்தான் ஏறும். மாதம் 10,000 ரூபாய் வாங்குபவர் 20,000-க்குப் போனால் எவ்வளவு ஏறுமோ, ஒரு லட்சம் வாங்குபவர் இரண்டு லட்சத்துக்குப் போனால்தான் அதே அளவு ஏறும். ஒரு லட்சம் வாங்குபவருக்குப் பத்தாயிரம் கூட்டிக் கொடுத்தால் அவர் அதைக் கவனிக்காமலேகூடப் போகலாம். அந்தப் பத்தாயிரம் எந்த வீட்டுக்குப் போகிறது என்பது அதனால் பெரிய கேள்வி.

ஏற்றத்தின் அளவும் சிறியது. அந்த மூவரின் கட்டுரையிலேயே ஓர் ஒப்பீடு வருகிறது. வருமானம் நான்கு மடங்கு வேறுபட்டால் மனநிலையில் வரும் வித்தியாசம், வேலை நாளுக்கும் வார விடுமுறை நாளுக்கும் உள்ள வித்தியாசத்தின் அளவுதான். ஒரு தலைவலி உண்டாக்கும் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

லாட்டரி கதையையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தவறாகவே பரவியிருக்கிறது. 1978-ல் பிலிப் பிரிக்மனும் இரண்டு கூட்டாளிகளும் இல்லினாய் மாநில லாட்டரியில் பெரிய பரிசு விழுந்த 22 பேரையும், விபத்தில் கை கால் செயலிழந்த 29 பேரையும், வேறு 22 பேரையும் பேட்டி கண்டார்கள். பரிசு விழுந்தவரும் விபத்தில் சிக்கியவரும் கொஞ்ச நாளில் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள் என்று மேடைகளில் சொல்கிறார்களே, அது இந்த ஆய்விலிருந்து கிளம்பியது. ஆய்வில் அப்படி இல்லை. மகிழ்ச்சிக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்த்தால், பரிசு விழுந்தவர்கள் 4.00, மற்றவர்கள் 3.82, விபத்தில் சிக்கியவர்கள் 2.96. பரிசு பெரிய உயர்வைத் தரவில்லை என்பது உண்மை. விபத்து மகிழ்ச்சியைக் குறைக்கவில்லை என்பது உண்மை அல்ல. ஸ்வீடனில் லாட்டரி வென்றவர்களை 5 முதல் 22 ஆண்டுகள் கழித்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. பெரிய பரிசு வென்றவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையைப் பற்றிய திருப்தி கூடியிருந்தது, இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது தேயவில்லை. அன்றாட மகிழ்ச்சியில் தெரிந்த மாற்றம் அதைவிடச் சிறியது.

அடுத்தவரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மனதைப் பற்றி ஈஸ்டர்லின் சொன்னதற்கு மேற்கு கென்யாவிலிருந்து ஓர் ஆதாரம் உண்டு. அங்கே ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, நிபந்தனை இல்லாமல் பணம் கொடுத்தார்கள். வாங்கியவர்களுடைய மனநிலை உயர்ந்தது. அதே ஊரில் கிடைக்காத குடும்பங்களுக்குத் தங்கள் வாழ்க்கையின் மேல் இருந்த திருப்தி குறைந்தது. அந்த வருத்தம் ஒரு வருடத்துக்குள் ஆறிவிட்டது என்றாலும், ஓர் ஊரில் பாதிப் பேருக்குக் கொடுத்துப் பாதிப் பேரை விடுவது இலவசமான காரியம் இல்லை என்று அதிலிருந்து தெரிகிறது.

தொகையா, தவணைகளின் எண்ணிக்கையா?

நிம்மதிக்குத் திரும்ப வருகிறேன். பணம் துயரத்தைக் குறைக்கிறது என்றால், எந்த வழியாகக் குறைக்கிறது? இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பதில் சிங்கப்பூரிலிருந்து வந்தது. அங்கே ஒரு தொண்டு அமைப்பு, நீண்ட நாளாகக் கடனில் இருந்த குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 5,000 சிங்கப்பூர் டாலர் வரை கடனை அடைத்துக் கொடுத்தது. அப்படி உதவி பெற்ற 196 பேரை ஆய்வாளர்கள் முன்பும் பின்பும் சோதித்து 2019-ல் எழுதினார்கள். கடன் அடைந்த பிறகு பதற்றம் குறைந்தது, யோசிக்கும் திறன் கூடியது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அடுத்தது. ஒரே தொகையை வைத்து, ஒருவருக்கு இரண்டு கடன் முழுதாகத் தீர்ந்தது, இன்னொருவருக்கு நான்கு கடன் தீர்ந்தது என்றால், நான்கு தீர்ந்தவருக்குத்தான் பலன் அதிகம். தீர்ந்த ஒவ்வொரு கடன் கணக்குக்கும் பதற்றத்தில் இருக்கும் வாய்ப்பு 11 சதவீதம் குறைந்தது. மொத்தம் எவ்வளவு பாக்கி என்பதைவிட, எத்தனை பேருக்குப் பாக்கி என்பது மனதில் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

நம் ஊர்ப் பெண்களுக்கு இதை யாரும் ஆராய்ந்து சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை ஒரு குழுக்கடன், புதன்கிழமை இன்னொரு குழுவின் வசூல், தினமும் சாயங்காலம் தண்டல், இதற்கு நடுவில் அடகு நகைக்கு வட்டி கட்டும் கெடு. மொத்தத் தொகை அறுபதாயிரமாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் மனதில் அறுபதாயிரம் என்ற ஒற்றை எண் ஓடுவதில்லை. யார் எந்த நாளில் வாசலில் வந்து நிற்பார்கள் என்ற அட்டவணைதான் ஓடுகிறது. நகையை விற்றாவது சின்னக் கடன்களை ஒழித்துவிடலாம் என்று வீட்டுப் பெண்கள் சொல்லும்போது, வட்டிக் கணக்குத் தெரியாமல் பேசுவதாக ஆண்கள் நினைப்பதுண்டு. வட்டிக் கணக்குப்படி ஒருவேளை அது தவறாகவும் இருக்கலாம். ஆனால் அவர்கள் போடுவது இன்னொரு கணக்கு, அதுவும் சரியான கணக்குதான்.

எவ்வளவு பணம் என்பதைப் போலவே எப்போது பணம் என்பதும் முக்கியம். ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் 408 தொழிலாளர்களை வைத்துச் செய்த சோதனையில் இது தெரிந்தது. முல்லைநாதன் இதிலும் இருந்தார். எல்லோருக்கும் மொத்தக் கூலி ஒன்றுதான். சிலருக்கு மட்டும் அதில் ஒரு பகுதியைச் சில நாள் முன்னதாகவே கொடுத்தார்கள். வாங்கியவர்கள் போய்க் கடனை அடைத்தார்கள். அடுத்த நாளிலிருந்து அவர்கள் தைத்த தட்டுகளின் எண்ணிக்கை சுமார் 7 சதவீதம் கூடியது, தையலில் தவறுகள் குறைந்தன. அதிக ஏழைகளாக இருந்தவர்களிடம்தான் இந்த மாற்றம் அதிகம். கூலியில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

உயிர் போகும் இடத்திலும் இதே கதைதான். இந்தோனேசிய அரசு ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் வழங்கும் திட்டத்தைப் பகுதி பகுதியாக விரிவாக்கியது. திட்டம் வந்த பகுதிகளையும் வராத பகுதிகளையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், பணம் வந்த இடங்களில் தற்கொலைகள் சுமார் 18 சதவீதம் குறைந்ததைக் கண்டார்கள். மழை பொய்த்து விளைச்சல் குறைந்த ஆண்டுகளில் அங்கே தற்கொலை கூடியது. பணம் கிடைத்த இடங்களில் மழை பொய்த்ததன் தாக்கமும் தணிந்தது.

அதனால்தான் ‘போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்ற பழமொழியை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதை நான் கவனிப்பதுண்டு. வருமானம் நன்றாக உள்ளவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அது நல்ல மருந்து. 2023-ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஓர் அளவுக்கு மேல் மிஞ்சி நிற்கும் துயரத்தைப் பணம் தீர்ப்பதில்லை, அவர் வேறு வழி தேடத்தான் வேண்டும். ஆனால் மூன்று தவணை பாக்கி வைத்திருப்பவரிடம் அதே பழமொழியைச் சொல்வது கொடுமை. அவருடைய துயரம் எந்த வகையைச் சேர்ந்தது என்று நமக்குத் தெரியும். அது பணத்தால் தீரக்கூடிய வகை, அதிலும் பெரும்பாலும் சின்னத் தொகையில் தீரக்கூடியது.

இப்படிப் பார்த்தால், பணத்தையும் மகிழ்ச்சியையும் பற்றிய பேச்சு தத்துவத்திலிருந்து இறங்கிச் சில்லறை விவரங்களுக்கு வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று அப்போது பலர் கேட்டார்கள். தொகையை மட்டும் பார்க்கிறவருக்கு அப்படித்தான் தோன்றும். வருவது உறுதியாகத் தெரிந்த ஆயிரம் ரூபாயை நம்பி மளிகைக் கடைக்காரரிடம் ஒரு தேதி சொல்ல முடியும். வருமா வராதா என்று தெரியாத மூவாயிரத்தை நம்பி அப்படிச் சொல்ல முடியாது.

கரும்புக்கும் ஒரு தேதி இருக்கிறது. 1966-ஆம் ஆண்டு மத்திய அரசின் கரும்பு கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு வாங்கிய 14 நாட்களுக்குள் ஆலை பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி சேர்த்துத் தர வேண்டும். நிலுவைத் தொகை கேட்டு விவசாயிகள் ஆட்சியர் அலுவலகத்தின் முன் உட்காரும் செய்தி, தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குப் புதிது இல்லை. கோடிக்கணக்கில் நிலுவை என்று அந்தச் செய்திகளில் தொகை இருக்கும். எத்தனை மாதமாக என்பது பல நேரம் கடைசி வரியில்தான் வரும். ஆனால் 54 ஊர்களில் எடுத்த அந்தக் கணக்கில், 78 சதவீத அடகு 4 சதவீதமாக இறங்கியது கரும்பை வெட்டியதால் இல்லை, வெட்டியதற்குப் பணம் வந்ததால். லாரி போய் எட்டு மாதமாகியும் பணம் வராத விவசாயிக்குக் கரும்பு வெட்டு முடிந்துவிட்டது, வயலில் வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்த்து ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அவர் மட்டும் இன்னும் வெட்டுக்கு முந்தைய மாதத்திலேயே இருக்கிறார்.